தூரப் பிரிவின் கணக்கு

மற்ற இடங்களில் லீவு கேட்டால் முகத்தைப் பார்த்துக் கொடுப்பார்கள். கண் கலங்கினால் இரண்டு நாள், குரல் உடைந்தால் நான்கு நாள், மேஜை மேல் தலையைச் சாய்த்துவிட்டால் ஒரு வாரம். அந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. அங்கே வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். யாருக்காவது ஊரிலிருந்து கெட்ட செய்தி வந்துகொண்டேதான் இருக்கும். நன்றாக அழத் தெரிந்தவர்கள் ஊருக்குப் போனார்கள். அழத் தெரியாதவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வேலை பார்த்தார்கள். இது அநியாயம் என்று ஒருநாள் நிர்வாகத்துக்கு உறைத்தது. நிர்வாகத்துக்கு ஏதாவது உறைத்துவிட்டால் உடனே அதற்கு ஒரு பிரிவு தொடங்கிவிடுவார்கள். அப்படிப் பிறந்ததுதான் தூரப் பிரிவு.

லீவு கேட்பவரின் ஊர் எவ்வளவு தூரம், போய்ச் சேர எவ்வளவு நேரம் என்ற இரண்டையும் தீர்மானிப்பது அந்தப் பிரிவின் வேலை. தீர்மானித்த பிறகு லீவு தானாக வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டார்கள். அதற்குத் தலைவியாக ஓர் அம்மாள் இருந்தார். தூர அதிகாரி என்று பதவி. கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வருகிறவர்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுப்பார். பிறகு ஒரு சின்னப் பிரசங்கம் செய்வார்.

"கண்ணீரை அளக்க முடியாதுங்க. இன்னிக்கு ஒரு சொட்டு வரும், நாளைக்கு ஒரு குடம் வரும். தூரம் அப்படி இல்ல, அது பொய் சொல்லாது. உங்க துக்கம் எவ்வளவுன்னு எங்களுக்குத் தேவையில்ல. அது எவ்வளவு தூரத்துல இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. மீதியை நாங்க பாத்துக்கறோம்."

இந்தப் பிரசங்கத்தைக் கேட்டு நெகிழ்ந்துபோனவர்களில் நம்முடைய பல்லுக்காரரும் ஒருவர். அவர் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் பல் செட் செய்பவர். மேலே டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்துக் கீழே அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகு வைத்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, தேய்த்துப் பளபளப்பாக்கி மேலே அனுப்புவார். வரிசை வரிசையாகப் பல் நிற்கும் மேஜையில் பாதி ஆயுளைக் கழித்தவர். ஆஸ்பத்திரி முழுக்க அவரைப் பல்லுக்காரர் என்றுதான் கூப்பிடும். கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா போய் வெகுகாலமாயிற்று. உலகத்தில் அவருக்கென்று மிச்சம் இருந்தது ஒரு தங்கை.

அந்தத் தங்கைக்கு ரத்தத்தில் நோய். ஒரு வருஷமாக ஊரில் ஓர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தாள். ஒருநாள் அவள் புருஷன் போன் செய்தார். மாப்பிள்ளை போன் செய்வது என்பதே அதிசயம். அந்த மனுஷனைப் பேச வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும் என்று தங்கையே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

"டாக்டர் வரச் சொல்றாரு," என்றார் மாப்பிள்ளை.

"யாரை?"

"உங்களைத்தான்."

அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பல்லுக்காரர் கையிலிருந்த மெழுகுக் கத்தியை வைத்துவிட்டு, அங்கியைக்கூடக் கழற்றாமல் தூரப் பிரிவுக்கு ஓடினார்.

வேலையை உதறிவிட்டு நேரே விமானம் ஏறியிருக்கலாமே என்று கேட்கிறவர்களுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். தங்கையின் மருந்துச் செலவு முழுவதையும் இந்த ஆஸ்பத்திரியின் குடும்பக் காப்பீடுதான் ஏற்றுக்கொண்டிருந்தது. அனுமதி இல்லாமல் போனால் வேலை போகும். வேலை போன அன்றே காப்பீடு போகும். காப்பீடு போனால் ஊரில் அவள் கையில் ஏறிக்கொண்டிருக்கும் மருந்து நிற்கும். அவளைப் பார்க்க ஓடினால் அவளைக் கொன்றுவிட்டு ஓடியதாக ஆகும். அதனால் அந்த மனிதர் தூரப் பிரிவின் வாசலில் நின்றார். போதுமா?

தூரப் பிரிவின் அறையில் ஒரு சுவர் முழுக்க உலகப் படம் தொங்கியது. அதிகாரியம்மாளுக்குக் கீழே நூல் உதவியாளர் என்று ஒருவர். படத்தில் இரண்டு ஊர்களிலும் குண்டூசி குத்தி, நடுவே நூலைக் கட்டி, நூலைக் கழற்றி அளந்து சொல்வது அவர் வேலை. பல்லுக்காரர் இருந்த நகரம் படத்தின் வலது ஓரத்தில் இருந்தது. தங்கை இருந்த ஊர் இடது ஓரத்தில். நூல் உதவியாளர் ஸ்டூலில் ஏறி வலது ஓரத்தில் ஒரு குண்டூசி குத்தினார். இறங்கி, ஸ்டூலை நகர்த்தி, மறுபடி ஏறி, இடது ஓரத்தில் இன்னொன்று குத்தினார். நூல் கடல்களையும் பாலைவனங்களையும் தாண்டிப் பாதி உலகத்தில் தீர்ந்துபோனது. இன்னொரு நூலை முடிச்சுப் போட்டார்கள். முடிச்சுக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்று இருவருக்கும் பேச்சு வந்து, அது சாப்பாட்டு நேரம் வரைக்கும் போனது.

கடைசியில் அளவு வந்தது. அதிகாரியம்மாள், இதற்குள் பல்லுக்காரர் விமானக் கம்பெனியில் வாங்கி வந்திருந்த தாளைப் பார்த்தார். நூலைப் பார்த்தார். பல்லுக்காரரைப் பார்த்தார்.

"விமானக் கம்பெனி சொல்ற தூரம் எங்க நூல்ல பாதிகூட இல்லையே."

"அவங்க சொல்றதுதான் சரி மேடம்."

"தூரத்தைக் கூட்டிச் சொல்றவங்களை நெறைய பாத்திருக்கேன். குறைச்சுச் சொல்றவரை இப்பத்தான் பாக்கறேன். இதுல என்னமோ இருக்கு."

"மேடம், விமானம் அப்படிக் குறுக்கால போகாது. இந்தப் பக்கமா, கடல் மேல போகும்." பல்லுக்காரர் படத்தின் வலது ஓரத்துக்கு அப்பால் கையை நீட்டினார். அங்கே கொஞ்சம் சுவர் இருந்தது. அதற்கு அப்பால் கதவு.

"அந்தப் பக்கம் கதவுதான் இருக்கு."

"பூமி உருண்டைங்க. இந்த ஓரமும் அந்த ஓரமும் ஒட்டிக்கிட்டிருக்கு."

அதிகாரியம்மாளுக்குக் கோபம் வரவில்லை. குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். "பூமி உருண்டைன்னு எங்களுக்கும் தெரியும். நாங்களும் படிச்சவங்கதான். ஆனா சுவர் தட்டையா இருக்கே. அதுக்கு என்ன சொல்றீங்க?"

பல்லுக்காரர் சுவரைத் தடவிப் பார்த்தார். தட்டையாகத்தான் இருந்தது.

அன்று மத்தியானம் தங்கையோடு பேசினார். இங்கே மத்தியானம் என்றால் அங்கே முந்தின நாள் சாயங்காலம். இரண்டு ஊருக்கும் நடுவே, தாண்டினால் தேதி மாறுகிற நாட்கோடு ஓடுகிறது. இங்கே புதன்கிழமை பாதி தீர்ந்திருக்கும்போது அங்கே செவ்வாய்க்கிழமையே இன்னும் முடிந்திருக்காது. தங்கைக்கு இதில் ஒரு விளையாட்டு.

"அண்ணா, நாளைக்கு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் மேகமா இருக்கு."

"நான் இருக்கேனா அதுல? நல்லாப் பாத்துச் சொல்லு."

"இருக்கே. நீ எங்க போயிடப் போறே," என்றார் பல்லுக்காரர். பிறகு, "ரெண்டு நாள்ல வந்துடறேன். நூல் கொஞ்சம் பத்தல, அவ்வளவுதான்," என்றார்.

மறுநாள் குழந்தைகள் வார்டுக்குப் போய் ஒரு பூகோள உருண்டையைக் கடன் வாங்கி வந்தார். குழந்தைகள் உருட்டி விளையாடி ஒரு பக்கம் கொஞ்சம் நசுங்கியிருந்தது. அதிகாரியம்மாள் அதைச் சுற்றிவந்து பார்த்தார்.

"இது சாஞ்சிருக்கே."

"பூமியே சாஞ்சுதான் இருக்கு மேடம்."

"இருக்கட்டும். சாஞ்ச பொருளை வெச்சு நேரான முடிவு எடுக்க முடியாது. நாளைக்கு யாராவது கேள்வி கேட்டா நான்தான் பதில் சொல்லணும்."

ஆனாலும் அந்த அம்மாளின் மனசு கல் இல்லை. விஷயத்தை ஒரு குழுவுக்கு அனுப்பிவைத்தார். படத்தின் ஓரத்தைத் தாண்டும் பயணங்களுக்கான குழு என்று அதற்குப் பெயர். படத்தைப் பார்க்கிற விஷயம் என்பதால் கண் டாக்டர் தலைவர். சுவர் சம்பந்தப்பட்டது என்பதால் கட்டட என்ஜினியர் உறுப்பினர். குழு கூடியது, தேநீர் குடித்தது, சுவரைத் தட்டிப் பார்த்தது, கலைந்தது. மறுபடி கூடியது. இப்படியே நாள் போனது. ஆனால் ஒன்று, கடைசியில் அவர்கள் சொன்ன யோசனை பிரமாதமான யோசனை. முதல் படத்தின் வலது ஓரத்தை ஒட்டி அதே போல இன்னொரு படத்தை மாட்டிவிட்டால், நூல் ஓரத்தைத் தாண்டி நேராகப் போகலாம். பல்லுக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. கதவைக் கழற்றி இரண்டடி தள்ளி வைத்தார்கள். இன்னோர் உலகத்தை மாட்டினார்கள்.

நூல் உதவியாளர் முதல் படத்தில் இந்த நகரத்தில் குண்டூசி குத்தினார். நூலை வலது பக்கம் இழுத்தார். அது கடலைத் தாண்டி, படத்தின் ஓரத்தைத் தாண்டி, இரண்டாவது படத்துக்குள் நுழைந்து, தங்கையின் ஊரில் போய் நின்றது. சின்ன நூல். அளந்தால் விமானக் கம்பெனி சொன்ன கணக்குக்கு விரல்கடை வித்தியாசம். நூல் உதவியாளருக்கே முகம் மலர்ந்துவிட்டது. பல்லுக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஒரு சின்னச் சந்தேகம்," என்றார் அதிகாரியம்மாள்.

"சொல்லுங்க மேடம்."

"உங்க தங்கச்சி எந்தப் படத்துல இருக்காங்க?"

பல்லுக்காரருக்குக் கேள்வி புரியவில்லை. அம்மாள் பொறுமையாக விளக்கினார். அந்த ஊர் முதல் படத்திலும் இருக்கிறது, இடது ஓரத்தில். இரண்டாவது படத்திலும் இருக்கிறது. முதல் படம் அசல், பிரிவு தொடங்கிய நாளிலிருந்து தொங்குகிறது. இரண்டாவது நேற்று மாட்டியது, நகல்.

"நூல் போய் நிக்கறது நகல் ஊர்ல. உங்க தங்கச்சி இருக்கறது அசல் ஊர்ல. நகல் ஊருக்கு நான் லீவு கொடுத்து, நீங்க அசல் ஊருக்குப் போயிட்டீங்கன்னா, அது ஏமாத்து வேலை ஆயிடும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"ரெண்டும் ஒரே ஊர்தானே மேடம்."

"அப்படின்னு யாராவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல."

கையெழுத்துப் போட வேண்டியவர் தலைமை இயக்குநர். அவர் ஒரு மாநாட்டுக்காக வெளிநாடு போயிருந்தார். அவர் போன தூரத்தை யாரும் நூல் வைத்து அளந்ததாகத் தெரியவில்லை.

தங்கையிடம் இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. மாப்பிள்ளை அவள் முதுகைத் தடவிவிடும் சத்தம் போனில் கேட்டது.

"நகல்லதான் இருக்கேன்னு சொல்லிடேன் அண்ணா," என்றாள் மூச்சு வாங்க. "அசல்லாம் எப்பவோ தேஞ்சு போச்சு."

"நீ சும்மா இரு. நான் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு வரேன். இன்னிக்கே வரேன்."

அவள் விளையாட்டில்லாத குரலில் சொன்னாள். "அண்ணா, மருந்து நின்னுபோச்சுன்னா, நீ வந்து பாக்கறதுக்கு நான் இருக்கணுமே. அவங்ககிட்டக் கேட்டு வாங்கிக்கிட்டு வா. நான் இருக்கேன்."

பல்லுக்காரர் போனை வைத்துவிட்டு மேஜைக்குப் போனார். யாரோ ஒரு பெரியவருக்கு மேல்தாடை செட் பாதியில் நின்றிருந்தது. ஒரு பல்லை மூன்று முறை நட்டும் அது கோணலாகவே நின்றது. அந்த மேஜையில் அவருக்கு அப்படி நேர்ந்ததே இல்லை.

தலைமை இயக்குநர் திரும்பினார், கையெழுத்து வந்தது. இரண்டு படத்திலும் உள்ளது ஒரே ஊர்தான் என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டது. தூரம் முடிந்தது. இனி நேரம்தான் பாக்கி. நேரத்தை அளக்க நூல் வேண்டாம். போய்ச் சேரும் மணியிலிருந்து புறப்படும் மணியைக் கழித்தால் தீர்ந்தது என்று அதிகாரியம்மாள் உற்சாகமாகச் சொன்னார். டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். பென்சிலை எடுத்தார். கழித்தார். அழித்தார். மறுபடி கழித்தார். நூல் உதவியாளரைக் கூப்பிட்டுக் கழிக்கச் சொன்னார். அவர் கழித்துவிட்டு மெதுவாகப் பின்வாங்கிச் சுவரோடு நின்றுகொண்டார்.

"புறப்படறது ராத்திரி எட்டு மணி," என்றார் அம்மாள்.

"ஆமா மேடம்."

"போய்ச் சேர்றது மத்தியானம் பன்னெண்டு. அதே நாள்."

"ஆமா மேடம். நாட்கோட்டைத் தாண்டறதால அப்படி. இங்க புதன்கிழமை ராத்திரி ஏறினா அங்க புதன்கிழமை மத்தியானம் இறங்கலாம். அது அவங்க ஊர் மணி."

"அவங்க ஊர் மணி, நம்ம ஊர் மணின்னு எங்ககிட்ட ரெண்டு கிடையாது. மணின்னா மணிதான்." அம்மாள் பென்சிலை வைத்தார். "நீங்க புறப்படறதுக்கு எட்டு மணி நேரம் முன்னாடியே போய்ச் சேர்ந்துடறீங்க. பயண நேரம் பூஜ்யத்துக்கும் கீழ போகுது. லீவுன்னா என்ன? வேலையில இல்லாத நேரம். உங்களுக்கு இல்லாத நேரமே இல்லையே. எதுக்கு லீவு கொடுக்கறது?"

"அப்ப லீவு இல்லாமயே போகலாமா மேடம்?"

"லீவு இல்லாமப் போனா வேலை போயிடுமே. நீங்க அப்படிப் பண்ணிடாதீங்க, பாவம்."

அந்த அம்மாளின் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. அதுதான் கொடுமை. பல்லுக்காரர் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் விழித்தார். திரும்பி வரும் பயணத்தையும் பாருங்கள் என்று கெஞ்சினார். அதைக் கழித்தால் நேர்மாறாக வந்தது. ஊரில் ஒருநாள் காலையில் ஏறினால் இங்கே வந்து இறங்குவது மறுநாள் சாயங்காலம். இவ்வளவு நேரம் ஒரு ஊழியர் ஆகாயத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதை நிர்வாகம் எப்படி ஒப்புக்கொள்ளும்? போவது பரவாயில்லை, வருவதுதான் இடிக்கிறது என்றார் அம்மாள். வராமலே இருந்துவிட்டால் சிக்கல் இல்லை, ஆனால் வராதவர்களுக்கு லீவு கொடுப்பதில்லை.

பெரிய மனசு பண்ணி ஒரு வழி சொன்னார். கணக்கில் கீழே போன எட்டு மணி நேரத்தைப் பல்லுக்காரர் முன்கூட்டியே உழைத்து ஈடுகட்டிவிட்டால், பயண நேரம் பூஜ்யத்துக்கு வந்துவிடும். பூஜ்யத்துக்கு லீவு கொடுக்க முடியுமா என்று பிறகு பார்க்கலாம். பல்லுக்காரர் சரி என்றார். நீங்களும் நானும்கூடச் சரி என்றுதான் சொல்லியிருப்போம். தன் வேலை முடிந்ததும் மற்றவர்கள் மேஜையில் கிடந்ததையும் எடுத்துச் செய்தார். ஊரார் பல்லெல்லாம் வேகவேகமாகத் தயாராயிற்று. எட்டு மணி நேரமும் ஈடாயிற்று, பூஜ்யத்துக்கு லீவு உண்டா என்பதுதான் பாக்கி.

அடுத்த முறை போனில் தங்கையின் குரல் மிகவும் உள்ளே போயிருந்தது. மாப்பிள்ளை போனை அவள் காதில் வைத்துப் பிடித்திருந்தார் போலிருக்கிறது. இரண்டு மூச்சுக்கு ஒரு வார்த்தைதான் வந்தது.

"எங்க இருக்கே?"

"கிட்ட வந்துட்டேன்மா. கணக்கு முடியப் போகுது."

"நாளைக்கு எப்படி இருக்கு?"

பல்லுக்காரர் ஜன்னலைப் பார்த்தார். அடித்தளத்து ஜன்னலில் நடந்துபோகிறவர்களின் கால்கள்தான் தெரியும். "நல்லா வெயில் அடிக்குது," என்றார்.

"பொய் சொல்லாதே," என்றாள் தங்கை. அதைச் சொல்லிவிட்டு ஏனோ சந்தோஷமாக ஒரு மூச்சு விட்டாள்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மாப்பிள்ளை போன் செய்தார். பல்லுக்காரர் தேய்க்கும் மிஷினை நிறுத்திவிட்டுக் காதில் வைத்தார். மாப்பிள்ளை மூச்சு விடும் சத்தத்திலேயே விஷயம் தெரிந்துபோயிற்று. கடைசியில் மாப்பிள்ளை, "இப்பத்தான்," என்றார்.

பல்லுக்காரர் மாடிப்படி ஏறித் தூரப் பிரிவுக்குப் போனார். ஏன் போனார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. கால் பழகிய வழியில் போயிற்று. விஷயத்தைச் சொன்னதும் அதிகாரியம்மாள் எழுந்து நின்றார். நூல் உதவியாளரும் தலையைக் குனிந்து நின்றார். பிறகு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நோயாளியைப் பாக்கற லீவு இனிமே செல்லாதுங்க. பாக்கறதுக்கு நோயாளி இல்ல."

"தெரியும் மேடம். துக்க லீவாவது கொடுங்க. மூஞ்சியையாவது பாத்துட்டு வரேன்."

"கண்டிப்பாக் கொடுக்கணும். அதுக்குத்தான் கணக்குப் போடறேன்." பென்சிலை எடுத்தார். "எத்தனை மணிக்கு?"

"இப்பத்தான் போன் வந்துச்சு. மூணு மணிக்கு."

"இன்னிக்கு, புதன்கிழமை, மூணு மணி." எழுதிக்கொண்டார். "இன்னிக்கு விமானம் எட்டு மணிக்கு. போய்ச் சேர்றது புதன்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணி." பென்சில் நின்றது. அம்மாள் நிமிர்ந்து, மிகுந்த வருத்தத்தோடு அவரைப் பார்த்தார். "கொடுக்க முடியாதுங்க."

"ஏன் மேடம்?"

"நீங்க பன்னெண்டு மணிக்குப் போய் இறங்கிடறீங்க. தங்கச்சி போறது மூணு மணிக்கு. நீங்க போய்ச் சேரும்போது அவங்க உயிரோட இருப்பாங்க. உயிரோட இருக்கறவங்களுக்குத் துக்க லீவு போடச் சொல்றீங்களா? அது எவ்வளவு பெரிய பாவம்."

பல்லுக்காரர் குனிந்து அவர் எழுதிய கணக்கைப் பார்த்தார்.

"உயிரோட இருப்பாளா?"

"கணக்குப்படி இருப்பாங்க. மூணு மணி நேரம்."

"நிச்சயமாவா மேடம்?"

"எங்க பிரிவுல இதுவரைக்கும் கணக்கு தப்பினதே இல்லைங்க."

அது பைத்தியக்காரக் கணக்கு என்று அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். இரண்டு ஊர் மணியையும் ஒன்றாகக் கலந்து பிசைந்த கணக்கு. அங்கே அவள் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே போய்விட்டாள். ஆனால் அவள் உயிரோடு இருப்பாள் என்று அன்றைக்கு அவரிடம் சொன்ன ஒரே ஆள் அந்த அம்மாள்தான். பல்லுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டார். இனி வேலை போனால் என்ன, காப்பீடு போனால் என்ன. யாருக்காக அதைக் கட்டிக்கொண்டு கிடந்தாரோ அவளே இல்லை. இல்லையா, இருக்கிறாளா என்று யோசித்துக்கொண்டே விமானம் ஏறினார்.

விமானம் இரவெல்லாம் கடல் மேல் பறந்தது. எதிர் இருக்கையின் பின்னால் சின்னத் திரையில் ஒரு விமானப் படம் நகர்ந்துகொண்டே இருந்தது. பல்லுக்காரர் தூங்கவில்லை. நேரம் பின்னால் போகிறதா என்று பார்ப்பவர் போலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கியபோது அந்த ஊர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு. மாப்பிள்ளை வெளியே நின்றிருந்தார். சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. முகத்தில் தூக்கமும் இல்லை, அழுகையும் இல்லை. வந்து பையை வாங்கிக்கொண்டார்.

"எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க," என்றார். "சாயங்காலம் எடுக்கணும்."

பல்லுக்காரர் நகரவில்லை. ஒரு மாதமாக ஓடு ஓடு என்று துடித்த கால் நின்றுவிட்டது. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"மாப்ள, இன்னும் மூணு மணி ஆகலை."

மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. பல்லுக்காரர் தட்டுத்தடுமாறிச் சொன்னார். போன் வந்தது புதன்கிழமை மூன்று மணி, இன்றைக்கும் புதன்கிழமைதான், இன்னும் மூன்று ஆகவில்லை, அந்த அம்மாள் கழித்துப் பார்த்துச் சொன்னார், அவர்கள் கணக்கு தப்பினதே இல்லையாம். சொல்லச் சொல்ல அவருக்கே வெட்கமாக இருந்தது. பாதியில் நிறுத்திவிட்டார்.

மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பையை ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஆகலைதான்," என்றார். "உக்காருங்க."

இருவரும் உட்கார்ந்தார்கள். முன்னால் ஆட்கள் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். யாரையோ யாரோ கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். வெகுநேரம் கழித்துப் பல்லுக்காரர் கேட்டார்.

"இப்ப என்ன பண்ணிக்கிட்டிருப்பா?"

"தூங்குவா," என்றார் மாப்பிள்ளை. "எழுந்ததும் டீ கேப்பா. குடிக்க மாட்டா. கையில சூடா வெச்சிருக்கணும், அவ்வளவுதான். ஆறிடுச்சுன்னா மறுபடி போட்டுக்கிட்டு வரச் சொல்லுவா."

அந்த மனுஷன் இத்தனை பேசி யாரும் கேட்டதில்லை. நிறுத்தவும் இல்லை. டீ ஆறுவதற்குள் அவள் என்னென்ன சொல்வாள், யார் யாரைத் திட்டுவாள், அண்ணன் எங்கே வந்துகொண்டிருக்கிறான் என்று எத்தனை தடவை கேட்பாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாவற்றையும் இப்போது நடப்பது போலவே சொன்னார். பல்லுக்காரர் இடையிடையே சிரிக்கக்கூடச் செய்தார். கடிகாரத்தின் பக்கம் இருவரும் திரும்பவில்லை.

ஆனாலும் மூன்று மணி ஆனது இருவருக்கும் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை பேச்சை நிறுத்தினார். பல்லுக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் நடமாடும் இடத்தில், வாய்விட்டு அழுதார். மாப்பிள்ளையும் அழுதார். கொஞ்ச நேரம் கழித்துப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.